கியர் பெட்டி கத்துகிறதா? எப்போது கத்துகிறது என்று சொல்லுங்கள்

"அண்ணே, கியர் போக்ஸ் போச்சு. முழுசா மாத்தணும்னு சொல்லிட்டாங்க."

காலையில் பசியாறக்கூட விடாமல் தன் வீரா காரைக் கொண்டுவந்து பட்டறை வாசலில் நிறுத்தினார் ஒருவர்.

"எப்போ சத்தம் வருது?"

"கொர்ர்ருன்னு வருதுண்ணே. சில நேரம் கிர்ர்ருன்னு…"

"எப்படி வருதுன்னு கேக்கல தம்பி. எப்போ வருது?"

முழித்தார். எல்லாருமே இங்கேதான் முழிப்பார்கள். சத்தத்தை வாயால் செய்து காட்டுவதில் நம் ஆட்களை மிஞ்ச முடியாது. கொர், கிர், ஙொய், கடகட, கரகர என்று ஒரு கச்சேரியே நடத்துவார்கள். ஆனால் அதே 'கொர்' பேரிங்கிலிருந்தும் வரும், தேய்ந்த டயரிலிருந்தும் வரும். ஓசையை வைத்து நோயைக் கண்டுபிடிக்கப் போனால் பாதி நேரம் தப்பாகத்தான் போகும். நிற்கும்போது வருகிறதா ஓடும்போதா, கிளட்சை மிதித்தால் நிற்கிறதா தொடங்குகிறதா, எந்த கியரில், எண்ணெய் (ஆக்சிலரேட்டர்) மிதிக்கும்போதா விடும்போதா என்று தெரிந்தால் பெட்டியைப் பிரிக்காமலே முக்கால்வாசி சொல்லிவிடலாம்.

எங்கள் ஊர் மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். எல்பில், ஹேவுட், டோவன்பி பக்கத்துத் தோட்ட வண்டிகள்தான் எனக்கு அதிகம் வரும். எங்கள் பேச்சில் காருக்குக் காடி என்று பெயர். 1994-இல் வந்த கன்சில் இன்றைக்கும் தோட்டத்தில் செம்பனை உதிரிப் பழம் பொறுக்கப் போகிறது. இஸ்வாரா, வீரா, பழைய ஹைலக்ஸ் என்று பெரும்பாலும் காலால் கிளட்ச் மிதிக்கிற வண்டிகள். கீழே சொல்வதெல்லாம் அந்த மாதிரி வண்டிகளுக்கு. ஓட்டோ கியருக்கு இது பொருந்தாது.

முதலில் எண்ணெய்

எந்தச் சத்தமாக இருந்தாலும் கியர் எண்ணெயைப் பார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். எஞ்சின் எண்ணெயை மாதாமாதம் பார்க்கிறவர்கள்கூட கியர் எண்ணெய் என்று ஒன்று இருப்பதை மறந்துவிடுகிறார்கள். வாங்கிய நாளிலிருந்து மாற்றாமல் இருபது வருஷம் ஓடிய காடியைப் பார்த்திருக்கிறேன்.

பெரும்பாலான பெட்டிகளில் அளவுக்கோல் இருக்காது. பக்கவாட்டில் ஒரு திருகு மூடி இருக்கும். அதுதான் ஊற்றும் வழி, அளவு பார்க்கும் இடமும் அதுவே. வண்டி முன்னும் பின்னும் சமமாக நிற்க வேண்டும். மூடியைத் திறந்து சுண்டுவிரலை மடக்கி உள்ளே விட்டால், துளையின் கீழ் விளிம்புவரை எண்ணெய் தொட வேண்டும். தொடவில்லை என்றால் குறைவு. ஜேக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். தாங்கி வைத்துவிட்டுத்தான் உடம்பு உள்ளே போக வேண்டும்.

எண்ணெய் மாற்றுவதாக இருந்தால், மேலே உள்ள ஊற்றும் மூடியை முதலில் கழற்றிப் பாருங்கள். கழன்ற பிறகுதான் அடி மூடியைத் தொட வேண்டும். என்னிடம் வேலை பழகிய பையன் ஒருவன் இதைத் தலைகீழாகச் செய்தான். எண்ணெய் முழுக்க வடிந்துவிட்டது, மேல் மூடி துருப்பிடித்து அசையவில்லை. ஊற்ற வழியில்லாத காடி இரண்டு நாள் பட்டறையிலேயே கிடந்தது.

அடி மூடியில் பெரும்பாலும் ஒரு காந்தம் இருக்கும். அதைத் துடைப்பதற்கு முன் வெயிலில் பிடித்துப் பாருங்கள். விபூதியை எண்ணெயில் குழைத்த மாதிரி சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் கவலை இல்லை, அது சாதாரணத் தேய்மானம். விரலில் குத்துகிற இரும்புச் சில்லு இருந்தால் பேரிங்கோ பல்லோ உடைகிறது. வடிந்த எண்ணெயை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பாருங்கள். பட்டுப் புடவை ஜரிகை உதிர்ந்த மாதிரி மஞ்சளாக மின்னினால், கியர் மாறும்போது வேகத்தைச் சமன்செய்யும் பித்தளை வளையம் தேய்கிறது. பித்தளை காந்தத்தில் ஒட்டாது, அதனால் எண்ணெயிலேயே மிதக்கும். எண்ணெய் தே தாரேக் (ஆற்றிய பால் தேநீர்) நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. வெள்ளத்தில் ஓட்டி வந்தவர்களுக்கு இது நடக்கும். பெட்டியின் மேலே காற்றுப் போக ஒரு சிறு மூச்சுத் துளை உண்டு. சூடாக ஓடிவந்த பெட்டி தண்ணீரில் இறங்கிச் சட்டென்று குளிரும்போது அந்த வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். உடனே மாற்றினால் பிழைக்கும். ஒரு மாதம் விட்டால் பேரிங் துருப்பிடிக்கும்.

கசிவு எங்கே என்று தெரிய எங்கள் செம்மண் ரோடே உதவி செய்யும். காய்ந்த இடத்தில் ஒட்டிய மண் தட்டினால் உதிரும். எண்ணெய் கசிகிற இடத்தில் அப்பிக்கொண்டு கருத்துக் கிடக்கும். சக்கரத்துக்குப் போகிற தண்டு பெட்டியை விட்டு வெளியே வரும் இடத்து சீல்தான் அதிகம் கசிவது.

நிற்கும்போது நியூட்ரலில் கொர்ரென்று வருகிறது, கிளட்சை மிதித்தால் நின்றுவிடுகிறது

உங்கள் இடது கால்தான் இங்கே முதல் கருவி. எஞ்சின் ஓடும்போது, நியூட்ரலில் இருந்தாலும், கிளட்சிலிருந்து காலை எடுத்தால் பெட்டிக்குள் போகும் முதல் தண்டு சுற்றிக்கொண்டுதான் இருக்கும். கிளட்சை முழுக்க மிதித்தால் அந்தத் தண்டு நிற்கும். ஆக, மிதித்ததும் நிற்கிற சத்தம் பெட்டிக்குள்ளிருந்து வருகிறது.

எஞ்சின் வேகத்தைக் கூட்டக் கூட்ட உறுமலும் கூடினால் முதல் தண்டின் பேரிங். பெட்டியைப் பிரிக்க வேண்டிய வேலைதான், ஆனால் பேரிங்கோடு முடியும். தள்ளிப்போட்டால் தண்டு ஆடி, பல்லையும் தின்னும்.

உறுமல் இல்லாமல், சில்லறையைக் குலுக்குவது மாதிரி கலகலவென்று வந்து, எண்ணெயை லேசாக மிதித்ததும் மறைந்துவிடுகிறதா? அது பற்களுக்கு இடையே உள்ள சிறு இடைவெளியில் வரும் தட்டல். எஞ்சின் நின்ற இடத்தில் குலுங்கி ஓடினால் பெரிதாகக் கேட்கும். எஞ்சின் ஓட்டத்தைச் சீராக்கி, கியர் எண்ணெயைச் சரிபாருங்கள். கிளட்ச் தட்டில் இருக்கும் சுருள்வில்கள் தளர்ந்தாலும் இப்படி வரும். கொஞ்சம் கலகலப்பு எல்லா வண்டிக்கும் உண்டு, அதற்காகப் பெட்டியைப் பிரிக்க வேண்டாம்.

கிளட்சை மிதித்தால்தான் சத்தம்

காலையில் வந்த வீராவின் கதை இதுதான். உள்ளே உட்காரவைத்து, நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு, "பூனை மேல் கால் வைக்கிற மாதிரி மெதுவா மிதிங்க" என்றேன். மிதி ஒரு இரண்டு விரல் அளவு சும்மா இறங்கி, எதையோ தொட்டு இறுகிய அந்த நொடியில் ஈரமில்லாத கீச்சல் தொடங்கியது. அழுத்த அழுத்த கரகரவென்று அரைத்தது. காலை எடுத்ததும் அமைதி. கியர் பெட்டிக்குள் ஒன்றும் ஆகவில்லை. கிளட்சைத் தள்ளி விடுவிக்கும் பேரிங் காய்ந்துபோயிருந்தது.

அந்த பேரிங்கை மாற்றவும் பெட்டியைக் கீழே இறக்கித்தான் ஆக வேண்டும் என்பது உண்மை. ஆனால் இறக்குவது வேறு, பெட்டியையே மாற்றுவது வேறு. இறக்கியதும் கிளட்ச் தட்டு, கிளட்ச் மூடி, பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். கூலி ஒன்றுதான். பேரிங்கை மட்டும் போட்டு மிச்சம் பிடித்தால், ஆறு மாதத்தில் தட்டு தேய்ந்து அதே கூலியை மறுபடி கொடுப்பீர்கள்.

இது சீக்கிரம் சாவதற்குப் பெரிய காரணம், ஓட்டும்போது இடது காலைக் கிளட்ச் மேலேயே ஓய்வாக வைத்திருப்பது. தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலைப் பக்கம் நெரிசலில் பாதி கிளட்சில் ஊர்ந்துகொண்டே போனால் பேரிங்கும் தட்டும் சேர்ந்து வேகும். கூட்டம் நகராதபோது நியூட்ரலில் போட்டுக் காலை எடுங்கள்.

எஞ்சினை அணைத்துவிட்டு மிதித்தாலும் கீச்சென்று கேட்கிறதா? அப்படியானால் மிதியின் புஷ், கேபிள் அல்லது கிளட்ச் கவட்டை. கொஞ்சம் கிரீஸ் போதும்.

ஹைலக்ஸ் மாதிரி பின்சக்கரம் இழுக்கும் வண்டிகளில் இன்னொன்றும் உண்டு. எஞ்சின் சக்கரத்தின் நடுவில், பெட்டித் தண்டின் நுனியைத் தாங்க ஒரு சிறு பேரிங் இருக்கும். கிளட்சை முழுக்க மிதித்து, கியரும் போட்டு நிற்கும்போது எஞ்சின் சுற்றும், தண்டு நிற்கும். அந்த நேரத்தில் மட்டும் கீச்சிட்டால் அதைப் பாருங்கள்.

கியர் மாற்றும்போது கறுக்கென்று கடிக்கிறது

இதில் இரண்டு வேறு நோய்கள் ஒரே முகத்தோடு வரும். ஒன்று, கிளட்ச் முழுக்க விடுவிக்கவில்லை. மற்றது, பெட்டிக்குள் ஒரு வளையம் தேய்ந்திருக்கிறது. முதலாவதை அரை மணி நேரத்தில் சரிசெய்யலாம். அதைப் பார்க்காமல் இரண்டாவதுக்குக் காசு கட்டியவர்கள் நிறையப் பேர்.

பிரித்துப் பார்க்க ரிவர்ஸ் கியரைக் கேளுங்கள். வண்டி நிற்கட்டும், எஞ்சின் ஓடட்டும். கிளட்சை முழுக்க மிதித்து, மனதுக்குள் ஐந்து வரை எண்ணி, ரிவர்ஸ் போடுங்கள். பெரும்பாலான பழைய வண்டிகளில் ரிவர்ஸுக்கு வேகத்தைச் சமன்செய்யும் வளையம் கிடையாது. தண்டு நின்றிருந்தால் அமைதியாக விழும். ஐந்து எண்ணிய பிறகும் கறுக்கென்றால் தண்டு இன்னும் சுற்றுகிறது, கிளட்ச் அதைப் பிடித்து இழுக்கிறது.

கன்சில், இஸ்வாரா, வீராவில் கிளட்சுக்குக் கேபிள். மிதியில் சும்மா இறங்கும் தூரம் ரொம்பக் கூடிப்போயிருந்தால் கேபிள் நீண்டிருக்கும். முறுக்கி இறுக்கலாம். ஆனால் சும்மா இறங்கும் தூரமே இல்லாமல் இறுக்கிவிடாதீர்கள், முன்னே சொன்ன பேரிங் எந்நேரமும் சுற்றிச் சாகும். கேபிளின் முனையில் நூல் பிரிந்திருந்தால் முறுக்காமல் மாற்றிவிடுங்கள், அது தோட்டத்து நடு ரோட்டில்தான் அறுபடும். ஹைலக்ஸ் போன்றவற்றில் திரவம். மிதியை நாலைந்து முறை பம்பு அடித்ததும் கியர் நன்றாக விழுந்தால் பம்பு கசிகிறது அல்லது குழாயில் காற்று இருக்கிறது. பெட்டியருகே இருக்கும் சின்ன பம்பின் ரப்பர் உறையை நீக்கிப் பாருங்கள், உள்ளே ஈரமாக இருந்தால் கதை முடிந்தது.

ரிவர்ஸ் சரியாக விழுகிறது, இரண்டாவதோ மூன்றாவதோ மட்டும் கடிக்கிறது என்றால் பித்தளை வளையம். அதன் உள்பக்கம் மெல்லிய வரி வரியாக இருக்கும். அந்த வரிகள்தான் எண்ணெய்ப் படலத்தைக் கிழித்துக்கொண்டு கூம்பைப் பிடித்து, இரண்டு பல்சக்கரத்தையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவருகின்றன. வரிகள் மழுங்கினால் வழுக்கும், பற்கள் மோதிக்கொள்ளும். உறுதி செய்ய இரட்டைக் கிளட்ச் போட்டுப் பாருங்கள்: மிதித்து நியூட்ரலுக்கு எடுத்து, கிளட்சை விட்டு, மறுபடி மிதித்து அடுத்த கியர். கீழ் கியருக்கு இறங்குவதாக இருந்தால் நடுவில் எண்ணெயை ஒரு தட்டு தட்டுங்கள். அப்படிச் செய்தால் சத்தமில்லாமல் விழுகிறது என்றால் சந்தேகமே வேண்டாம். அந்தக் காலத்து லோரி ஓட்டிகளுக்கு இது இயல்பாக வரும். என் காடியின் மூன்றாம் கியரை நான் இரண்டு வருஷம் இப்படியே ஓட்டினேன்.

வளையத்தைக் குற்றம் சொல்வதற்கு முன், பெட்டியில் என்ன எண்ணெய் இருக்கிறது என்றும் விசாரியுங்கள். லோரி பின் அச்சுக்கு வாங்கிய தடித்த ஜிஎல்-5 எண்ணெய் மிச்சம் இருந்தது என்று இஸ்வாராவில் ஊற்றிக்கொண்டு வந்தார் ஒருவர். காலையில் கியர் கல் மாதிரி இருந்தது, சூடானதும் கடித்தது. ஜிஎல்-5-இல் இருக்கும் கந்தகச் சேர்ப்பு சில வகைகளில் பித்தளையை அரிக்கும், வழுக்கலும் அதிகம். இந்தப் பழைய பெட்டிகளுக்கு ஜிஎல்-4 வகையில் 75டபிள்யூ-90 மாதிரியானதுதான் பொதுவாகக் கேட்பார்கள். பழைய ஹோண்டாவுக்கு எஞ்சின் எண்ணெயையே ஊற்றச் சொல்வார்கள். வண்டிக் கையேடு சொல்வதுதான் கணக்கு, கடைக்காரர் கையில் இருப்பது கணக்கில்லை. அவருக்கு எண்ணெயை மாற்றிக் கொடுத்தேன், ஒரு வாரத்தில் கடிப்பது நின்றது.

ஒரே ஒரு கியரில் மட்டும் ஊளை

மூன்றில் ஊளையிட்டு நான்கில் அமைதியானால் மூன்றாம் கியரின் பல்லோ அது சுற்றும் ஊசி பேரிங்கோ. எண்ணெய் மிதிக்கும்போது மட்டும் வருகிறதா, விடும்போது மட்டும் வருகிறதா என்றும் கவனியுங்கள். பல்லின் எந்தப் பக்கம் தேய்ந்தது என்று அது காட்டும். சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலை ஏறும் ரோடு இதற்கு நல்ல சோதனை: ஏறும்போது ஒரு பக்கம், இறங்கும்போது மறுபக்கம்.

ஐந்தாம் கியர் ஊளையிட்டால் எண்ணெய் குறைவைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். பல பெட்டிகளில் ஐந்து மட்டும் கடைக்கோடியில் தனி மூடிக்குள் உட்கார்ந்திருக்கும். எண்ணெய் குறைந்தால் முதலில் பட்டினி கிடப்பது அதுதான். சிலவற்றில் பெட்டியை இறக்காமலே அந்த மூடியைத் திறந்து மாற்றலாம், கேட்டுப் பாருங்கள்.

பின்சக்கர வண்டியில் நான்காம் கியர் பெரும்பாலும் நேர் இணைப்பு. மற்ற எல்லாவற்றிலும் உறுமி நான்கில் மட்டும் அடங்கினால், கீழே ஓடும் துணைத் தண்டின் பேரிங்குகளைப் பாருங்கள்.

ரிவர்ஸில் ஙொய் என்று கத்துவது நோயில்லை. அதன் பற்கள் நேராக வெட்டப்பட்டவை, மற்றவை சாய்வாக. புது வண்டியிலும் கத்தும்.

எல்லா கியரிலும் ஹூம் என்று, வேகத்தோடு கூடுகிறது

இதில்தான் நானே ஏமாந்தேன். பட்டறை வேலைக்கு வருவதற்கு முன் வாங்கிய இஸ்வாரா, 60-ஐத் தாண்டினால் ஹூம் என்று பாடும். வேறு ஊரில் ஒரு பட்டறையில் காட்டினேன். ஓட்டிக்கூடப் பார்க்காமல் கியர் பெட்டி என்றார்கள். பழைய பெட்டி ஒன்றைப் போட்டார்கள். மூன்று மாதச் சம்பளம் போனது. திரும்பி வரும் வழியிலேயே, 60-ஐத் தாண்டியதும், அதே பாட்டு. வலது முன்சக்கர பேரிங். அந்தக் கோபத்தில்தான் ஸ்பானர் பிடிக்கக் கற்றுக்கொண்டேன்.

ஆளில்லாத சமமான ரோட்டில், சத்தம் வரும் வேகத்தில் கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு எடுங்கள். எஞ்சின் அடங்கிய பிறகும் ஹூம் அப்படியே தொடர்ந்து, வேகம் குறையக் குறையத் தானும் குறைந்தால், சக்கர பேரிங், டயர், அல்லது பெட்டியின் கடைசித் தண்டும் டிஃப்ரன்ஷியலும் (இரு சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பகுதி)தான். அப்புறம் ஸ்டீரிங்கை மெதுவாக இடமும் வலமும் ஆட்டுங்கள். இடப்பக்கம் திருப்பும்போது சத்தம் கூடினால் பாரம் வலப்பக்கம் விழுகிறது, வலது பேரிங்தான் சந்தேகம். டயரா என்று தெரிய முன்பின் டயர்களை மாற்றிப் போடுங்கள், சத்தமும் இடம் மாறினால் டயர். கடைசியாக, சக்கரத்தைத் தூக்கித் தாங்கி வைத்து, ஒரு கையால் சுற்றி, மறுகையால் மேலே உள்ள சஸ்பென்ஷன் சுருளைப் பிடியுங்கள். நல்ல பேரிங்கில் கையில் ஒன்றும் தெரியாது. கெட்டதில் மணல் அரைபடுவது சுருள் வழியாக விரலுக்கு வரும். காது ஏமாறும் இடத்தில் விரல் ஏமாறாது. இத்தனையும் பார்த்த பிறகும் பேரிங், டயர் இரண்டும் சுத்தம் என்றால்தான் டிஃப்ரன்ஷியல் பக்கம் போக வேண்டும்.

முழுக்கத் திருப்பும்போது டக்டக் என்று எண்ணக்கூடிய மாதிரி வந்தால் சக்கரத்துப் பக்கத் தண்டு மூட்டு. அதன் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் போய், செம்மண் உள்ளே போயிருக்கும். உறை கிழிந்த அன்றே மாற்றியிருந்தால் மூட்டு பிழைத்திருக்கும்.

தடக்கென்று ஒரு இடி, அல்லது கியர் தானே நழுவுகிறது

புறப்படும்போதும் எண்ணெயை விடும்போதும் தடக்கென்றால் எஞ்சின், பெட்டித் தாங்கி ரப்பர்களைப் பாருங்கள். செம்பனைக் குலை ஏற்றும் லோரி போன பள்ளத்தில் தினமும் ஓடும் காடிக்கு இது கிழியாமல் இருக்காது. பொனட்டைத் திறந்து வையுங்கள். நம்பகமான ஒருவர் பிரேக்கை அழுத்தி, ஹேண்ட் பிரேக்கும் இழுத்து, முதல் கியரில் கிளட்சை ஒரு நூல் விட்டு மறுபடி மிதிக்கட்டும், அப்புறம் ரிவர்ஸிலும். நீங்கள் பக்கவாட்டில் நில்லுங்கள், முன்னால் வேண்டாம். எஞ்சின் எழுந்து உட்கார்ந்தால் ரப்பர் போய்விட்டது. பள்ளத்தில் கியர் நழுவுவதும் பல நேரம் இதனால்தான். ரப்பரும் கியர் கம்பியின் புஷ்களும் நன்றாக இருந்தும் நழுவினால் பெட்டிக்கு உள்ளே கியரைத் தள்ளும் கவட்டையோ பிடிப்பு வில்லோ.

கியர் கம்பி மட்டும் கிடுகிடுவென்று நடுங்கி, கையை வைத்ததும் நின்றால் அடியில் உள்ள நைலான் புஷ். மலிவு.

கடைசியில் பழைய பெட்டிதான் வழி என்றால்

காந்தத்தில் சில்லுகள், இரண்டு மூன்று கியரில் ஊளை என்றால் பிரித்துச் சரிசெய்யும் கூலிக்கு ஹாஃப் கட் கடையில் (வெட்டிய பழைய வண்டிகளின் பாகங்கள் விற்கும் கடை) பெட்டியே கிடைக்கும். தவுக்கே (கடை முதலாளி) "நல்ல பெட்டி" என்றுதான் சொல்வார். முதல் தண்டைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள், தளர்வு தெரியக்கூடாது. ஒவ்வொரு கியராகப் போட்டுச் சுற்றுங்கள், சொரசொரப்பு இருக்கக்கூடாது. அடி மூடியைக் கழற்றிக் காந்தத்தைப் பாருங்கள். திறக்க விடாத கடையில் வாங்காதீர்கள். வேறு எஞ்சினோடு வந்த பெட்டி என்றால் கடைசிப் பல் விகிதம் மாறியிருக்கலாம். பொருந்திவிடும், ஆனால் நெடுஞ்சாலையில் எஞ்சின் தேவையில்லாமல் கத்தும், அல்லது மேட்டில் மூச்சு வாங்கும். உங்கள் பழைய பெட்டியின் மேல் குத்தியிருக்கும் எண்ணைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போங்கள்.